சர்வைவரில் இனம் பிரிச்சது ரெண்டு எபிசோடா, முழு சீசனா?

மாங்குளத்தான்:
நேற்று இஞ்சை ஒருத்தர் அளந்து விட்டிருக்கிறார். அமெரிக்க ரியாலிட்டிப் போட்டி சர்வைவரில, 2006 இல, ஒரு சீசன் முழுக்க ஆக்களை இனம் இனமாப் பிரிச்சு மோத விட்டவங்களாம், பிக்பாஸுக்கு எங்கட ஈழத்து ஆக்களை எடுக்கிறதும் அதே வியாபாரமாம். ஆர் சொன்னது முழுக்க எண்டு? குக் தீவுகள் சீசன், 20 பேர். கறுப்பர், ஆசியர், லத்தீன் ஆக்கள், வெள்ளையர் எண்டு ஐஞ்சைஞ்சு பேரா நாலு குழு. மூண்டாவது எபிசோடில கலைச்சுக் கலந்து ரெண்டு குழுவாக்கியாச்சு. ரெண்டே ரெண்டு எபிசோட்! பாக்காமல் எழுதுறதுக்கும் ஒரு துணிவு வேணும்.

பாலியாற்றங்கரை:
எழுதினது நான்தான். பேரைச் சொல்ல என்ன பயம் அண்ணை? பிரிச்சது பிரிச்சதுதானே. நியூயோர்க் நகரசபை ஆக்களே அப்ப எதிர்த்துக் கத்தினவை.

மாங்குளத்தான்:
கத்தினது ஒளிபரப்பாக முதல். நீர் எழுதினது "முழுக்க". நடந்தது ரெண்டு. கடைசி நாலு பேரில ஒரு வெள்ளையரும் இல்லை, தெரியுமோ? கொரிய வழி வந்த யூல் க்வோன் 5-4 வாக்கில வெண்டவர். பிரிச்சபடியால்தான் அவ்வளவு பேருக்கு இடமே கிடைச்சது.

பாலியாற்றங்கரை:
அப்ப பிரிச்சது நல்லது எண்டுறியள்? வடிவாச் சொல்லுங்கோ, படம் பிடிச்சு வைக்கிறன். பச்சிலர் எண்டு ஒருத்தன் பொம்பிளை தேடுற அமெரிக்க நிகழ்ச்சி 2002 இல துவங்கினது, முதல் கறுப்பினப் பச்சிலர் வந்தது 2021 இல. அங்க ஆரும் பிரிக்கேல்லை, எடுக்கவே இல்லை.

மாங்குளத்தான்:
பச்சிலரை ஆர் கேட்டது? ரெண்டா, முழுக்கவா?

முறிகண்டி மைனர்:
அமெரிக்காவை விடுங்கோப்பா. 2019 பிக்பாஸில எங்கட லொஸ்லியாவும் தர்ஷனும் போனவை. தர்ஷனை ஃபைனலுக்குக் கிட்டக் கொண்டுபோய் வெளியால விட்டாங்கள். கடைசியில வெண்டது மலேசியா முகேன். இதுக்கு என்ன சொல்லுறியள்?

மாங்குளத்தான்:
முகேனும் இந்தியாக்காரர் இல்லையே. உம்மட கதையே உமக்கு எதிரா நிக்குது, தம்பி.

ஒட்டுசுட்டான் அக்கா:
எங்கட ஒழுங்கையில ஒரு பிள்ளை பாட்டுப் போட்டிக்கு வீடியோ அனுப்பினது. நிகழ்ச்சியில இருந்து திருப்பிப் போன் எடுத்தவர் முதல் கேட்டது சுருதியைப் பற்றியில்லை, "வீட்டில ஆரும் செத்தவையோ?" எண்டு. தாய் போனைப் பறிச்சு வைச்சிட்டா. வன்னிப் பிள்ளை எண்டால் அழுதுபோட்டுத்தான் பாடோணும் இவங்களுக்கு. யாழ்ப்பாணத்துப் பிள்ளை எண்டால் "ஈழத்துக் குரல்".

நல்லூர் வீதி:
யாழ்ப்பாணத்தை ஏன் இழுக்கிறியள்? எங்கட பிள்ளையளையும் அழ வைச்சுத்தான் காட்டுறாங்கள்.

ஒட்டுசுட்டான் அக்கா:
வந்திட்டார். வன்னி எண்டு ஒரு சொல்லுக் கண்டால் காணும், ஓடிவந்து பாதி கேப்பார்.

பாலியாற்றங்கரை:
அக்கா சொன்னதுதான் நான் சொன்ன வியாபாரம். 2020 இல, சர்வைவரைப் போடுற சிபிஎஸ் டிவிக்காரன் ரியாலிட்டி நிகழ்ச்சியளில ஆகக்குறைஞ்சது பாதிப்பேர் வெள்ளையர் அல்லாத ஆக்களா இருக்கோணும் எண்டு அறிவிச்சவன். தானா நடந்திருந்தால் உந்த அறிவிப்பு எதுக்கு?

மாங்குளத்தான்:
2020 க்கு ஓடிட்டீர். 2006 க்கு வாரும். அக்காவின்ர கதைக்கும் எபிசோட் கணக்குக்கும் என்ன சம்பந்தம்? ரெண்டு.

முறிகண்டி மைனர்:
அண்ணைக்குக் கணக்கில இவ்வளவு பிடிவாதம் எண்டால், கழகத்து மைதான லைற் காசுக் கணக்கையும் ஒருக்கா இஞ்சை போடலாமே.

மாங்குளத்தான்:
அது நிர்வாகக் கூட்டத்தில காட்டியாச்சு. வராத ஆக்களுக்கு வீடு வீடாக் கொண்டுவந்து காட்டேலாது. பாலியாறு, இன்னும் பதில் வரேல்லை. ரெண்டா, முழுக்கவா?

பாலியாற்றங்கரை:
கூட்டம் எப்ப நடந்தது? எனக்கு ஒருத்தரும் சொல்லேல்லையே!