சி நிரல்களில் சிக்னல்: உங்களை இன்றும் விடாத அனுபவம் எது?

பதிவு 1
நான் பராமரிக்க ஏற்றுக்கொண்ட பழைய சர்வர் நிரல் ஒன்று, சிக்டெர்ம் (நிரலை முடிக்கச் சொல்லும் சிக்னல், அதாவது ஓடும் நிரலுக்கு இடையில் வரும் அறிவிப்பு) அனுப்பினால் சில நாள் ஒழுங்காக நிற்கும், சில நாள் அப்படியே உறைந்துவிடும். உறைந்த நிலையிலேயே ஜிடிபி என்ற பிழைதேடும் கருவியை இணைத்து, எந்த ஃபங்ஷன் எதை அழைத்தது என்று காட்டும் அழைப்பு அடுக்கைப் பார்த்தேன். அடியில் மெயின் திரெட், நினைவகம் ஒதுக்கும் மாலாக்கிற்குள் பூட்டைப் பிடித்தபடி நின்றது, அதன்மேல் சிக்னல் வந்ததும் ஓடும் ஹேண்ட்லர், அதற்கும் மேல் பதிவேட்டில் எழுதும் சிஸ்லாக், உச்சியில் மறுபடியும் மாலாக், அதே பூட்டுக்காகக் காத்துக்கொண்டிருந்தது. பூட்டை விடுவிக்க வேண்டிய திரெட்டே அதற்காகக் காத்திருந்ததால், அந்தக் காத்திருப்பு முடியவே முடியாது. அந்தச் சில வரிகள் இன்னும் கண்ணில் நிற்கின்றன. பிறகு, ஹேண்ட்லர் பாதுகாப்பாக எழுதக்கூடிய வாலடைல் சிக்_அட்டாமிக்_டி வகைக் கொடி ஒன்றை 1 ஆக்குவதோடு ஹேண்ட்லர் முடியும்படி மாற்றினேன், அதுவே போதும்.

பதிவு 2
போதும் என்பதை என்னால் ஏற்க முடியவில்லை. நான் பார்த்த நிரலும் கொடியைச் சோதித்து, அது 0 என்றால், சிக்னல் வரும்வரை நிரலை நிறுத்தும் பாஸ்() அழைத்து உறங்கியது. சோதனைக்கும் உறக்கத்துக்கும் இடைப்பட்ட நொடிப்பொழுதில் சிக்னல் வந்தால், ஹேண்ட்லர் ஓடி முடியும், கொடியும் உயரும், ஆனால் நிரல் அதைப் பாராமலே உறங்கப் போய்விடும். நிரலின் சிஸ்டம் அழைப்புகளைக் காட்டும் எஸ்ட்ரேஸ் அதைத்தான் காட்டியது: சிக்அலாரம் (குறித்த நேரம் முடிந்ததும் எழும் சிக்னல்) வந்த வரி, ஹேண்ட்லர் திரும்பிய வரி, அதன்கீழே முற்றுப்பெறாத பாஸ்(). சிக்னலை முன்கூட்டியே சிக்பிராக்மாஸ்க் கொண்டு தடுத்துவைத்து, தடையை நீக்குவதையும் உறங்குவதையும் பிரிக்க முடியாத ஒரே செயலாகச் செய்யும் சிக்சஸ்பெண்டை அழைத்தால்தான் அந்த இடைவெளி அடைபடும்.

பதிவு 3
என்னைக் குடைவது சிக்சைல்ட், பிள்ளை பிராசஸ் முடிந்ததைத் தாய் நிரலுக்குச் சொல்லும் சிக்னல். ஃபோர்க் மூலம் பிறந்த பிராசஸ்கள் ஒரே சமயத்தில் முடிந்தபோது, பிராசஸ்களைக் காட்டும் பிஎஸ் பட்டியலில் சிலவற்றின் பக்கத்தில் இசட் என்ற எழுத்து, அதாவது முடிந்தும் தாய் நிரல் அதன் முடிவைப் பெறவில்லை என்ற குறி, நிலைத்துவிட்டது. நிலுவையில் ஒரு சாதாரண சிக்னல் இருக்கும்போது அதே வகையில் எத்தனை வந்தாலும் இயங்குதளத்தின் மையமான கெர்னல் அவற்றை ஒன்றாகவே கொள்கிறது, எனவே ஒரு சிக்னலுக்கு ஒரு பிள்ளையை மட்டும் கவனித்தால் மற்றவை மிஞ்சும்.

இதைப் படிக்கும் அனைவரிடமும் ஒரு வேண்டுகோள். ஹேண்ட்லருக்குள், முடிந்த பிள்ளையின் முடிவைப் பெறும் வெயிட்பிட்டை, காத்திருக்காதே என்னும் டபிள்யூநோஹேங் உடன், 0 அல்லது -1 கிடைக்கும்வரை சுழற்சியில் அழையுங்கள். நுழையும்போது, கடைசிப் பிழை எண்ணைத் தாங்கும் எர்நோவைச் சேமித்து, வெளியேறுமுன் திருப்பி வையுங்கள். இல்லாவிட்டால் மெயின் நிரல் ஹேண்ட்லர் விட்டுச்சென்ற பிழை எண்ணைப் படிக்கும். ஹேண்ட்லரைப் பதிவு செய்ய சிக்னல்() அழைப்பை விட்டு சிக்ஆக்‌ஷனுக்கு மாறுங்கள், ஏனெனில் யூனிக்ஸின் சிஸ்டம் 5 மரபில் ஹேண்ட்லர் ஒருமுறை ஓடியதும் பதிவு நீங்கிவிடும், பிஎஸ்டி மரபில் நிலைத்திருக்கும். சிக்ஆக்‌ஷனுக்கு எஸ்ஏ_ரீஸ்டார்ட் என்ற கொடியைக் கொடுத்தால் இடைமறிக்கப்பட்ட ரீட் தானே மீண்டும் தொடங்கும். லினக்ஸில், உள்ளீட்டுக்குக் காத்திருக்கும் செலக்ட், போல் என்ற அழைப்புகள் இரண்டும் அப்படித் தொடங்குவதில்லை, ஆகவே சிக்னல் இடைமறித்ததைச் சொல்லும் இஇன்டிஆர் பிழையை நீங்களே கவனிக்க வேண்டும்.

பதிவு 4
முதல் பதிவருக்கு: உங்கள் நிரல் உறைவதோடு நின்றது. தொலைவிலிருந்து கணினியில் உள்நுழைய உதவும் ஓப்பன்எஸ்எஸ்எச்சில் 2024 ஜூலையில் வெளியான பாதுகாப்பு ஓட்டையும், அதாவது சிவிஇ-2024-6387 என்ற எண்ணுள்ளது, இதே இனம். இயல்பாக 120 வினாடிக்குள் உள்நுழையாதவருக்கு எழும் சிக்அலாரத்தின் ஹேண்ட்லர் சிஸ்லாக்கை அழைத்ததால், கிளிப்சி என்ற சி நூலகம் பயன்படுத்தும் லினக்ஸில் தொலைவிலிருந்தே ரூட், அதாவது முழு நிர்வாக, அதிகாரம் பெற வழி பிறந்தது. 2006-இல் அடைத்த ஓட்டை, 2020-இல் ஓர் இஃப்டெஃப் (நிரலின் ஒரு பகுதியைச் சேர்ப்பதா விடுவதா என்று சொல்லும் நிபந்தனை வரி) நீங்கியதால் மீண்டும் திறந்தது. அறிவிப்பைப் படித்த அன்றே எங்கள் ஹேண்ட்லர்கள் அழைக்கும் ஃபங்ஷன்களை ஒவ்வொன்றாகத் தேடத் தொடங்கினேன். பாதி இன்னும் மிச்சமிருக்கிறது.