சுருண்டு விரியும் கம்பளம்: வடிவக் கணக்கா, கிளாத் சிமுலேஷனா?

தாள்மடிப்பு:
ஒரு தலைப்புக் காட்சிக்கு வேலை செய்துகொண்டிருக்கிறேன். சுருட்டி வைத்த கம்பளம் தரையில் உருண்டு விரிய வேண்டும். விரிய விரிய அதன் மேலிருக்கும் எழுத்துகள் தெரிய வேண்டும். கம்பளத்தின் நீளம் 6 மீட்டர், கனம் 1 சென்டிமீட்டர், நடுக்குழலின் ஆரம் 5 சென்டிமீட்டர். கேமரா பக்கவாட்டில் தாழ்வாக நிற்பதால் சுருளின் ஓரம் முழுக்கக் கண்ணில் படும். பிளெண்டர் என்ற முப்பரிமாண மென்பொருளில், வடிவத்தை மாற்றும் சிம்பிள் டிபார்ம் மாடிஃபையரின் பெண்ட் (வளைத்தல்) வைத்துப் பார்த்தேன். ஒரு சுற்று வரை அழகாக வருகிறது. 360 பாகையைத் தாண்டியதும் கம்பளம் தன்னைத் தானே ஊடுருவுகிறது. இதைக் கிளாத் சிமுலேஷனில் (துணியின் அசைவை இயற்பியல்படி கணிக்கும் முறையில்) செய்வதா, வேறு வகையில் வளைப்பதா? காட்சி மொத்தம் 5 நொடி.

சுருள்வில்:
கிளாத் பக்கமே போகாதீர்கள். பெண்ட் எதையும் ஒரே ஆரத்தில்தான் வளைக்கும். 1984இல் ஆலன் பார் சிக்ராஃப் கணினி வரைகலை மாநாட்டில் வளைத்தல், முறுக்குதல் போன்ற உருமாற்றங்களை வகுத்துக் காட்டியதிலிருந்து அதன் அடிப்படை மாறவில்லை. உங்கள் 600 சென்டிமீட்டரை 5 சென்டிமீட்டர் ஆரத்தில் வளைத்தால் 19 சுற்றுகள் ஒரே வட்டத்தில் ஒன்றின் மேல் ஒன்றாக விழும். ஊடுருவாமல் என்ன செய்யும்?

உண்மையான சுருளில் ஒவ்வொரு சுற்றும் முந்தையதைவிடக் கனத்தின் அளவுக்கு வெளியே தள்ளி நிற்கிறது. பக்கவாட்டில் தெரியும் பரப்பை வைத்துக் கணக்கிடுங்கள்: நீளத்தைக் கனத்தால் பெருக்கி, பையால் (π) வகுத்து, குழல் ஆரத்தின் வர்க்கத்தைக் கூட்டி, வர்க்கமூலம் எடுத்தால் வெளி ஆரம் கிடைக்கும். உங்கள் அளவுகளுக்கு அது 14.7 சென்டிமீட்டர், சுற்றுகள் பத்துக்குச் சற்றுக் குறைவு. இதே சூத்திரத்தில் மொத்த நீளத்துக்குப் பதில் இன்னும் சுருளில் மீதமிருக்கும் நீளத்தைப் போட்டால், எந்தக் கணத்திலும் சுருள் எவ்வளவு பெரியது என்று தெரிந்துவிடும். பிளெண்டரில் வடிவங்களைச் சூத்திரங்களால் அமைக்க உதவும் ஜியாமெட்ரி நோட்ஸில், புள்ளிகளை இடம் மாற்றும் செட் பொசிஷன் கொண்டு இதைச் செய்யலாம். ஒரே ஒரு கீஃபிரேம் மதிப்பு (குறிப்பிட்ட ஃபிரேமில் நாம் பதிந்து வைக்கும் மதிப்பு) போதும்: எவ்வளவு விரிந்திருக்கிறது என்பது.

காற்றாடி:
சுருள்வில் சொல்லும் கணக்கு சரி. ஆனால் அந்தக் கணக்கால் வரும் கம்பளத்துக்கு எடை இல்லை. சுருள் முழுமையான வட்டமாகவே உருளும், தரையில் படிந்த பகுதி கண்ணாடிபோல் தட்டையாகக் கிடக்கும். நிஜத்தில் சுருளின் அடிப்பகுதி தன் எடையால் சற்று அமுங்கும், கடைசி முனை தரையில் தட்டிவிட்டு மெல்ல எழும்பும். அந்த ஒரு கணத்துக்காகத்தான் பார்ப்பவர் இதைக் கம்பளம் என்று நம்புகிறார்.

கிளாத் என்றாலே பல மணி நேரம் காத்திருக்க வேண்டும் என்ற பேச்சும் பழையது. 1998இல் பராஃப், விட்கின் இருவரும் பெரிய காலப்படிகளிலும் நிலைகுலையாமல் துணியைக் கணிக்கும் முறையை வெளியிட்டபோதே நிலைமை மாறிவிட்டது. 5 நொடிக் காட்சியில் ஒரு கம்பளத்தைப் பேக் செய்வதற்கு (முன்கூட்டிக் கணித்துச் சேமிப்பதற்கு) அஞ்ச வேண்டியதில்லை.

சுருள்வில்:
அஞ்சவில்லை, தேவையில்லை என்கிறேன். தலைப்புக் காட்சியில் எழுத்து எந்த ஃபிரேமில் தெரிய வேண்டும் என்பதை இசை தீர்மானிக்கிறது. இயக்குநர் வந்து "மூன்றாவது எழுத்து 8 ஃபிரேம் முன்னால் வரட்டும்" என்றால் நான் ஒரு கீஃபிரேமை நகர்த்துவேன். நீங்கள் சேமித்த கணிப்பான கேஷை அழித்துவிட்டு முதல் ஃபிரேமிலிருந்து மறுபடி பேக் செய்வீர்கள். அப்போதும் எழுத்து அதே இடத்தில் வரும் என்று உங்களால் உறுதி சொல்ல முடியாது. சிமுலேஷனில் ஒவ்வொரு ஃபிரேமும் முந்தையதை நம்பி நிற்கிறது. கணக்கில் எந்த ஃபிரேமையும் தனியாகத் திறந்து பார்க்கலாம்.

இன்னொன்று. பிளெண்டர் கிளாத்தில் செல்ஃப் கொலிஷன் தூரம் (துணியின் பகுதிகள் ஒன்றையொன்று நெருங்கக்கூடிய எல்லை) இயல்பாகவே 0.015 மீட்டர், அதாவது ஒன்றரை சென்டிமீட்டர். தாள்மடிப்பின் அடுக்குகளுக்கு இடையே இருப்பது 1 சென்டிமீட்டர்தான். அப்படியே ஓட்டினால் சுருள் தொடக்கத்திலேயே உப்பிப் பிரிந்துவிடும். தூரத்தைக் குறைத்தால், ஒரு ஃபிரேமுக்குள் கணிக்கும் தடவைகளான குவாலிட்டி ஸ்டெப்ஸைக் கூட்ட வேண்டும். பத்து அடுக்குகளும் ஒன்றையொன்று தள்ளிக்கொண்டு நடுங்கும். இறுகச் சுற்றிய சுருள் போலத் துணிக் கணிப்பைத் திணறடிக்கும் வடிவம் வேறில்லை.

அடுக்குமுகம்:
இருவரும் முப்பரிமாண மென்பொருளையே பேசுகிறீர்கள். நான் படங்களை லேயர்களாக அடுக்கி அசைக்கும் ஆஃப்டர் எஃபெக்ட்ஸில் வேலை செய்பவன். பக்கம் புரட்டும் சிசி பேஜ் டர்ன், படத்தை உருளையாக்கும் சிசி சிலிண்டர் இரண்டும் அதிலேயே இருக்கின்றன. சினிமா 4டி ரெண்டரரைத் தேர்ந்தால் லேயருக்குக் கர்வேச்சர் (வளைவு) அமைப்பும் வருகிறது. 5 நொடிக் காட்சிக்கு எதற்கு இத்தனை கணக்கு?

சுருள்வில்:
நேர் எதிரில் நிற்கும் கேமராவுக்கு, ஒரு தாளின் மூலை புரள்வதற்கு, பேஜ் டர்ன் நல்ல கருவி. ஆனால் அது தட்டையான படத்தின் மேல் வரையப்பட்ட மடிப்பு. கேமராவைப் பக்கவாட்டில் கொண்டுபோனால் அங்கே சுருளே இல்லை. தரையில் அதன் நிழலும் விழாது. கர்வேச்சர் லேயரை உண்மையாகவே வளைக்கிறது, ஆனால் முழு லேயரையும் ஒரே சீராக. ஒரு முனையில் தட்டையாகவும் மறுமுனையில் சுருளாகவும் வைக்க வழியில்லை. தாள்மடிப்பின் கேமரா சுருளின் ஓரத்தைப் பார்க்கிறது, அதனால் இவை உதவாது.

தாள்மடிப்பு:
கர்வ் மாடிஃபையர் எப்படி? ஒரு நேர்கோடும் அதன் முனையில் ஒரு சுருள்கோடும் வரைந்து, கம்பளத்தை அதன் வழியே நகர்த்தினால் என்ன?

காற்றாடி:
அதில் ஒரு பொறி இருக்கிறது. சுருள்கோடு அசையாமல் நிற்க, கம்பளம் அதிலிருந்து வழுக்கி வெளியே வரும். வெளி ஆரம் குறையவே குறையாது. நடுவிலிருக்கும் ஓட்டைதான் பெரிதாகிக்கொண்டே போகும். முன்னாலிருந்து பார்த்தால் யாருக்கும் தெரியாது. உங்கள் கேமராவுக்கு அதுதான் முதலில் தெரியும். நிஜச் சுருள் வெளியிலிருந்து கரைய வேண்டும், அதன் மையம் 14.7 சென்டிமீட்டர் உயரத்திலிருந்து 5க்கு இறங்க வேண்டும்.

சுருள்வில்:
இதில் காற்றாடி சொல்வதை முழுமையாக ஏற்கிறேன். சுழற்சியையும் சேர்த்துச் சொல்கிறேன், ஏனென்றால் பலருடைய காட்சி கெடுவது அங்கேதான். தொடக்கத்தில் சுருள் ஒரு சுற்று உருண்டால் 92 சென்டிமீட்டர் முன்னேறும். முடியும் தறுவாயில் ஒரு சுற்றுக்கு 31 சென்டிமீட்டர்தான். முன்னேறும் வேகம் மாறாமல் இருந்தாலும் சுழலும் வேகம் ஏறக்குறைய மூன்று மடங்காக வேண்டும். சுழற்சிக்கு நேர்கோட்டில் கீஃபிரேம் வைத்தால் சுருள் தரையில் சறுக்குவது அப்பட்டமாகத் தெரியும். கம்பளத்தின் நெசவுக் கோடுகளைக் கவனியுங்கள்: தரையைத் தொட்ட கணத்தில் ஒரு கோடு அப்படியே நின்றுவிட வேண்டும். அது ஒரு மயிரிழை நகர்ந்தாலும் கணக்கு தவறு.

மெஷ் (பரப்பை ஆக்கும் வலை) பிரிவுகளிலும் கஞ்சத்தனம் வேண்டாம். உள்சுற்றுக்கு 24 பிரிவு என்று வைத்தாலும் முழு நீளத்துக்கு 460 ஆகிறது. கனத்தை முதலிலேயே கொடுத்துவிட்டு வளைக்காதீர்கள். மெல்லிய பரப்பை வளைத்த பிறகு, கனம் தரும் சாலிடிஃபை மாடிஃபையரைப் போடுங்கள். அப்போதுதான் கனம் எல்லா இடத்திலும் ஒரே அளவாக நிற்கும்.

அடுக்குமுகம்:
மூலையிலிருந்து சாய்வாகச் சுருட்ட வேண்டுமென்றால்? இரண்டு பெண்டை இரண்டு திசையில் வைத்துச் செய்பவர்களைப் பார்த்திருக்கிறேன்.

சுருள்வில்:
அது தாளை ரப்பராக்கிவிடும். பரப்பை இழுக்காமல் வளைத்தால் அதன் உள்ளார்ந்த வளைவு மாறாது என்று காஸ் 1827இலேயே நிறுவிவிட்டார். தாளின் வளைவு சுழி. ஆகவே ஓர் இடத்தில் அது ஒரு திசையில் மட்டுமே வளையும்: உருளையாகலாம், கூம்பாகலாம், கோளமாக முடியாது. சதுரங்கக் கட்டம் போட்ட டெக்ஸ்சரை ஒட்டிப் பாருங்கள். கட்டங்கள் சாய்சதுரமாகவோ நீள்சதுரமாகவோ மாறினால் பரப்பு இழுபடுகிறது. மூலைச் சுருளுக்கு ஒரே பெண்டின் அச்சைச் சாய்த்தால் போதும்.

காற்றாடி:
கட்டச் சோதனை நல்லது. ஆனால் காஸின் விதி பொருந்துவது இழுபடாத தாளுக்கு. கம்பளம் நூலால் நெய்தது, கொஞ்சம் இழுபடும், சற்றுத் துவளும். கணக்கு அதைத் தராது, துணிக் கணிப்பு தரும். பிளெண்டர் கிளாத்தில் ரெஸ்ட் ஷேப் கீ என்று ஒன்று உண்டு. லேசாகச் சுருண்ட வடிவத்தை அதில் கொடுத்தால், விரித்த பிறகும் முனை பழைய சுருளுக்குத் திரும்ப முயலும். நெடுநாள் சுருட்டி வைத்த பொருளின் நினைவு அது. கையால் கீஃபிரேம் வைத்து அதைப் போலி செய்தவர்களின் வேலையைப் பார்த்தால் உடனே கண்டுபிடித்துவிடலாம். முனை ஒரே தாளத்தில் ஏறி இறங்கும்.

தாள்மடிப்பு:
என் இயக்குநர் எழுத்து வரும் நேரத்தை இதற்குள் இரண்டு முறை மாற்றிவிட்டார். அதனால் சுருளைக் கணக்கில் செய்யப்போகிறேன். ஆனால் கடைசி முனை எழும்பி அடங்குவது எனக்கும் வேண்டும். அதை மட்டும் கிளாத்துக்கு விட முடியுமா?

சுருள்வில்:
முடியும். மாடிஃபையர் வரிசையில் ஜியாமெட்ரி நோட்ஸ் மேலே, கிளாத் அதற்குக் கீழே, சாலிடிஃபை கடைசியில். கடைசி 40 சென்டிமீட்டரைத் தவிர எல்லாவற்றையும் கிளாத் அசைக்காதபடி பிடித்து வைக்கும் ‘பின்’ (pin) குழுவில் சேருங்கள்; அந்தப் புள்ளிகள் கணக்கு சொன்ன இடத்திலேயே நிற்கும்.

காற்றாடி:
‘பின்’ எடையை (பிடிப்பின் அளவை) ஒரே கோட்டில் வெட்டிவிடாதீர்கள், அந்த இடத்தில் மடிப்பு விழும். 15 சென்டிமீட்டருக்காவது 1இலிருந்து சுழிக்குப் படிப்படியாக இறக்குங்கள். அந்த 40 சென்டிமீட்டர் குழலை ஒட்டியிருக்கும் உள்சுற்று என்பதையும் மறக்க வேண்டாம். அது சுருளுக்குள் இருக்கும்வரை கிளாத் தொடங்கக் கூடாது. தொடக்க ஃபிரேமைத் தள்ளி வையுங்கள். முழுக் கம்பளத்தையும் சிமுலேஷனில் ஓட்டியிருந்தால் அடிப்பகுதி அமுங்குவதும் சேர்ந்து கிடைத்திருக்கும் என்பதில் நான் இன்னும் உறுதியாக இருக்கிறேன்.