தோட்டத்துச் சொந்தங்கள் குழு: கவாத்துக்கு முன்னால்

சித்தப்பா: வெள்ளிக்கிழமை திராட்சைக் கொடிக்குக் கவாத்து. ஆள் சொல்லியாச்சு. வெட்டிய குச்சியை மேற்கு வரப்பில் குவித்து அன்றைக்கே கொளுத்திவிடலாம். அப்புறம் பந்தலுக்கு அடியில் களைக்கொல்லி ஒரு சுற்று. ஆட்சேபம் இருந்தால் இப்போதே சொல்லுங்கள்.

அத்தை: எத்தனை பேருக்குச் சாப்பாடு?

பெரியக்கா: ஆட்சேபம் இருக்கிறது சித்தப்பா. குச்சியைக் கொளுத்த வேண்டாம். கொடி மண்ணிலிருந்து எடுத்த சத்தில் ஒரு பங்கு அந்தக் குச்சியில்தான் இருக்கிறது, அதைத் தூளாக்கி வரிசைக்கு நடுவில் மூடாக்காகப் போட்டால் ஈரம் சீக்கிரம் காயாது, களையும் அமுங்கும், மட்கி மண்ணுக்கே போய்ச் சேரும். நோய் பிடித்த குச்சியை மட்டும் பிரித்துத் தோட்டத்துக்கு வெளியே எடுத்துவிடலாம். களைக்கொல்லிக்குப் பதில் பசுந்தாள் உரச் செடியான சணப்பு விதைப்போம், பூ எடுக்கும்போது மடக்கி உழுதால் தழைச்சத்து தனியாக வாங்க வேண்டியது குறையும்.

சித்தப்பா: அப்பா காலத்திலிருந்து கொளுத்துகிறோம்.

மாமா: அப்பா காலத்தில் கிணறும் வற்றவில்லை.

மாமா: அது இருக்கட்டும், என் மருந்து அடிக்கிற டேங்க் யாரிடம் இருக்கிறது?

தம்பி: மாமா, இப்போது வேண்டாமே

பெரியப்பா: என்னிடம் இல்லை. போன கவாத்திலேயே கொடுத்துவிட்டேன்.

மாமா: யாரிடம்?

பெரியப்பா: உன் மச்சானிடம்.

அத்தை: மறுபடியும் ஆரம்பிச்சாச்சா

பெரியக்கா: டேங்க் பேச்சு வந்ததால் சொல்கிறேன், கொடிக்கு நோய் வராமல் அடிக்கிற போர்டோ கலவையையும் குறைக்கணும்.

பெரியப்பா: மயில்துத்தமும் சுண்ணாம்பும்தானே அம்மா? அதில் என்ன விஷம்? பிரான்சில் வழியோரக் கொடியில் பழம் திருடாமல் இருக்க அடித்த நீலக் கலவை அது. அந்தக் கொடிகளில் மட்டும் அடிச்சாம்பல் நோய் வரவில்லை என்று தாவரவியலாளர் மிலார்தே கவனித்து 1885-இல் வெளியிட்டார்.

தம்பி: நம் வேலியோரக் கொடிக்கும் அடிக்கலாம் பெரியப்பா, பழம் ஒன்றுகூட வீடு வந்து சேர்வதில்லை 😂

அத்தை: அது உன் பிள்ளைகள் வேலை

பெரியக்கா: நோயைத் தடுக்கிறது, சரி. ஆனால் துத்தத்தில் இருக்கிற செம்பு மட்கிப் போகிற பொருள் இல்லை பெரியப்பா, மேல்மண்ணிலேயே வருஷா வருஷம் சேரும். ஐரோப்பிய ஒன்றியத்தில் ஒரு ஹெக்டேருக்கு 7 ஆண்டுகளில் 28 கிலோ செம்புதான் உச்சம். மயில்துத்தத்தில் கால் பங்கு செம்பு, அப்படியென்றால் ஆண்டுக்குச் சராசரி 16 கிலோ துத்தம். நாம் அடிப்பதைக் கணக்குப் போட்டுப் பாருங்கள். வடக்கு வரிசையில் மண்வெட்டி போட்டுப் பார்த்தேன், ஒரு மண்புழு இல்லை. மருந்து படாத வேலியோரத்தில் அதே ஆழத்தில் நெளிகிறது.

சித்தப்பா: மழையில் நோய் வந்தால் நீ வந்து குலையைக் காப்பாற்றுவாயா?

பெரியக்கா: அடிக்கவே வேண்டாம் என்று சொல்லவில்லை சித்தப்பா. குலையைச் சுற்றி இலையைக் கிள்ளிக் காற்றோட்டம் விட்டால் ஈரம் தங்காது, அடிக்கும் தடவை குறையும்.

சித்தப்பா: அடிக்கிற அன்றைக்கு நான்தான் கலக்குவேன். 100 லிட்டருக்குத் துத்தம் 1 கிலோ, சுண்ணாம்பு 1 கிலோ, பிளாஸ்டிக் டிரம்மில் தனித்தனியாகக் கரைத்து, துத்தக் கரைசலைச் சுண்ணாம்புப் பாலில் ஊற்றணும். இரும்பு ஆணியை முக்கினால் செம்பு படியக் கூடாது. படிந்தால் சுண்ணாம்பு பத்தவில்லை, இலை கருகிவிடும். போன தடவை யாரோ அவசரப்பட்டார்கள், பேர் சொல்லவில்லை.

மாமா: 👀

பெரியக்கா: நீங்களே கலக்குங்கள் சித்தப்பா, உங்களைவிட யாருக்கும் அது கைவராது. குச்சியை மட்டும் விட்டுவிடுங்கள்.

சித்தப்பா: கிழக்கு நாலு வரிசையில் உன் மூடாக்கைப் போடு. மற்றது பிறகு.

பெரியக்கா: களைக்கொல்லி?

சித்தப்பா: அதைப் பெரியண்ணன் சொல்லட்டும்.

பெரியப்பா: நான் எதற்கு நடுவில்

தம்பி: குச்சி தூளாக்கும் மெஷின் வாடகைக்குக் கேட்டிருக்கிறேன். நாளைக்குச் சொல்கிறார்களாம்.

சித்தப்பா: கிடைக்காவிட்டால்?

பெரியக்கா: கிடைக்கும்வரை குவிந்தே கிடக்கட்டும்.

சித்தப்பா: பார்க்கலாம்.