குடும்பக் குழு: ரேங்கல் தீவில் ஒரு தையல்காரி

பெரியப்பா (காலை 6:12): 🙏 இனிய காலை வணக்கம். பிரமிடுக்குக் கல் இழுத்தது யார் தெரியுமா? சடை யானைகள்! மறைக்கப்பட்ட வரலாறு. பத்துப் பேருக்காவது பகிருங்கள்.

சித்ரா அத்தை: அண்ணா, நிஜமாகவா? படத்தில் யானைக்குக் கம்பளி போர்த்திவிட்ட மாதிரி இருக்கிறது.

கவின்: அம்மா, அதன் பேர் மாமத். பனியுகத்தோடு எல்லாம் செத்துவிட்டது. மாமா, இது பொய்ச் செய்தி.

பெரியப்பா: எனக்கு வந்ததை அனுப்பினேன். நான் என்ன கூடவே நின்று பார்த்தேனா?

திவ்யா: பெரியப்பா, முழுப் பொய்யும் இல்லை. பிரமிடு கட்டியபோது மாமத் உயிரோடு இருந்தது உண்மை. எகிப்தில் இல்லை, அவ்வளவுதான்.

முரளி: அப்பா ஃபார்வர்டில் பாதி உண்மையா? தேதியைக் குறித்து வையுங்கள்.

திவ்யா: ஆர்க்டிக் கடலில் ரேங்கல் தீவு என்று ஒன்று இருக்கிறது. சைபீரியாவின் வடகிழக்குக் கரையிலிருந்து சுமார் 140 கிலோமீட்டர். ஒரு காலத்தில் நிலத்தோடு ஒட்டித்தான் இருந்தது. சுமார் 10,000 வருஷத்துக்கு முன்னால் கடல் ஏறித் துண்டாக்கிவிட்டது. அப்படித் துண்டான பிறகும் மாமத் இங்கே 6,000 வருஷம் தாக்குப்பிடித்தது. கடைசி மாமத் செத்து சுமார் 4,000 வருஷம்தான் ஆகிறது. கீசா பெரிய பிரமிடுக்கு 4,500 வயசு. கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

பெரியப்பா: நான்தான் சொன்னேனே 😌

திவ்யா: இன்னொன்று. அந்தக் கூட்டம் முழுவதும் அதிகபட்சம் எட்டு மாமத்திலிருந்து வந்ததாம். 2024இல் மரபணுவைப் படித்துச் சொன்னார்கள். அப்புறம் பெருகி 200, 300 ஆகி அப்படியே நின்றுவிட்டது.

சித்ரா அத்தை: எட்டே எட்டா? அப்போது சொந்தத்துக்குள்ளேயேதான் கொடுத்து எடுத்திருக்கும்.

திவ்யா: 😂 அதேதான் அத்தை. மரபணுவில் அந்தக் கோளாறு தெரிகிறது. ஆனாலும் அதைத் தாங்கிக்கொண்டு ஆயிரக்கணக்கான வருஷம் வாழ்ந்திருக்கின்றன. முடிவு சட்டென்று வந்திருக்கிறது, எதனால் என்பது யாருக்கும் பிடிபடவில்லை. மனிதர் வேட்டையாடித் தீர்த்தார்கள் என்று சொல்லவும் ஆதாரம் இல்லை. தீவில் கிடைத்த மிகப் பழைய மனிதத் தடயமே அதற்குச் சில நூறு வருஷம் பிந்தியது.

முரளி: ரேங்கல் யார்? கண்டுபிடித்தவரா?

திவ்யா: அதைக் கேளுங்கள் அண்ணா. ரேங்கல் ரஷ்யக் கடற்படைக்காரர். நல்ல வெயில் நாளில் கரையில் நின்றால் வடக்கே மலை தெரியும் என்று சுக்சி மக்கள் (அந்தக் கரையோரப் பழங்குடிகள்) சொன்னதைக் கேட்டு 1820களில் பனிமேல் நாய் வண்டி கட்டித் தேடினார். கண்ணில் படவே இல்லை. 1867இல் லாங் என்கிற அமெரிக்கத் திமிங்கில வேட்டைக் கப்பல்காரர் பார்த்துவிட்டு, தேடினவர் பேரையே வைத்துவிட்டார்.

முரளி: பார்க்காதவர் பேரில் பட்டா. நம்ம ஊர் மாதிரிதான்.

பெரியப்பா: குளிர் எவ்வளவு இருக்கும்?

திவ்யா: நவம்பர் கடைசியில் மறைகிற சூரியன் ஜனவரி கடைசியில்தான் தலைகாட்டும். பிப்ரவரியில் சராசரியே மைனஸ் 25 பக்கம். ஜூலையில் இரண்டு மூன்று டிகிரி, அதுதான் அவர்களுக்குக் கோடை. கரையோரம் ஒரே பனிமூட்டம், மலைக்கு உள்பக்கம் கொஞ்சம் பரவாயில்லை. ஆனால் பனியுகத்தில்கூட இந்தத் தீவைப் பனிப்பாளம் மூடவில்லையாம். அதனால் 400க்கு மேல் செடிவகை இருக்கிறது. மாமத் தின்று பிழைத்தது சும்மா இல்லை.

கவின்: பனிக்கரடி?

திவ்யா: பிரசவ வார்டே அதுதான். குட்டி போடப் பெண் கரடிகள் நூற்றுக்கணக்கில் வந்து பனியில் குழி தோண்டும். இப்போது கடல் பனி சீக்கிரம் உருகி, தாமதமாக உறைகிறது. அதனால் இலையுதிர் காலத்தில் கரடிகள் கரையிலேயே அதிக நாள் கிடக்கின்றன. 2017இல் ஒரு திமிங்கிலம் செத்து ஒதுங்கியபோது 200 கரடிக்கு மேல் ஒன்றாகக் கூடியதைச் சுற்றுலாக் கப்பல்காரர்கள் பார்த்திருக்கிறார்கள்.

சித்ரா அத்தை: ஐயோ. அங்கே போய் மனுஷர் யாராவது குடியிருப்பார்களா?

திவ்யா: அத்தை, உங்களுக்கென்றே ஒரு கதை இருக்கிறது. 1921இல் ஸ்டெஃபான்சன் என்கிற ஆர்க்டிக் ஆய்வுப் பயணி, தீவைப் பிரிட்டனுக்கு உரிமையாக்க நாலு இளைஞரை அனுப்பினார். அவர் போகவில்லை. அவர்களோடு போனது அலாஸ்காவின் நோம் ஊரைச் சேர்ந்த இன்யுபியாட் பழங்குடிப் பெண், அடா பிளாக்ஜாக். வயசு 23. தையல்காரி.

சித்ரா அத்தை: தையல்காரியா!! அங்கே என்ன தைக்க?

திவ்யா: தோல் உடுப்பு, கால்ஜோடு, கையுறை. அந்தக் குளிரில் தையல் விட்டால் விரல் போய்விடும். மானின் தசைநாரை உரித்துத் திரித்துத்தான் அந்த ஊர்க்காரர்கள் நூல் செய்வார்கள். நனைந்தால் நூல் உப்பி, ஊசித் துளையை அடைத்துக்கொள்ளும். தண்ணீர் உள்ளே போகாது.

சித்ரா அத்தை: அடேயப்பா. மழைக்கோட்டுத் தையல் ஒழுகாமல் இருக்க நான் மெழுகு தேய்க்கிறேன். இவர்கள் நூலிலேயே வேலையை முடித்துவிட்டார்களே.

கவின்: அம்மா, கதையைச் சொல்ல விடு.

திவ்யா: அடாவின் மகனுக்குக் காசநோய். காசில்லாமல் அவனை அநாதை இல்லத்தில் விட்டிருந்தாள். மாசம் 50 டாலர் என்றதும் ஒத்துக்கொண்டாள். வேறு எஸ்கிமோ குடும்பங்களும் வரும் என்றார்கள், யாரும் வரவில்லை. பயந்துகொண்டே ஏறினாள். விக் என்று ஒரு பூனையும் கூட. 1922இல் வரவேண்டிய சரக்குக் கப்பல் பனியில் வழி கிடைக்காமல் திரும்பிவிட்டது. 1923 ஜனவரியில் மூன்று பேர் உதவி தேடிக் கடல் பனிமேல் சைபீரியா பக்கம் நடந்தார்கள். அப்புறம் அவர்களை யாரும் பார்க்கவில்லை. அந்த மூவரில் மாரர் என்கிறவர், 1914இல் கார்லக் கப்பல் மூழ்கி இதே தீவில் மாதக்கணக்கில் மாட்டித் தப்பியவர்.

முரளி: தப்பித்த இடத்துக்கே மறுபடியுமா? எனக்குப் புரியவில்லை.

திவ்யா: எனக்கும்தான். மிச்சம் இருந்த நைட் என்பவர் ஸ்கர்வியில் (வைட்டமின் சி இல்லாமல் வரும் நோய்) படுத்துவிட்டார். அவருக்கும் பணிவிடை செய்து, அவர் திட்டையும் கேட்டுக்கொண்டு இருந்தாள். ஜூனில் அவரும் செத்தார். அடாவுக்கு வேட்டை தெரியாது, வளர்ந்தது மிஷன் பள்ளியில். தானாகவே நரிக்குப் பொறி வைக்கவும் துப்பாக்கி சுடவும் கற்றுக்கொண்டாள். கரடி வருகிறதா என்று பார்க்கப் பரண் கட்டினாள். கேன்வாஸ் துணியில் ஒரு படகுகூடச் செய்தாள். ஆகஸ்ட் 20 வாக்கில் கப்பல் வந்தது. அவளும் பூனையும்தான் மிச்சம்.

பெரியப்பா: தீவு பிரிட்டனுக்குக் கிடைத்ததா?

திவ்யா: எங்கே. 1924இல் சோவியத் கப்பல் வந்து, ஸ்டெஃபான்சன் தரப்பு அங்கே புதிதாக விட்டிருந்தவர்களையும் ஏற்றிக்கொண்டு போனது. 1926இல் சோவியத்காரர்களே அங்கே ஆட்களைக் குடியேற்றினார்கள். இன்றைக்கும் ரஷ்யாதான்.

சித்ரா அத்தை: அது கிடக்கட்டும். பையன் பிழைத்தானா?

திவ்யா: பிழைத்தான். அந்தப் பணத்தில்தான் சியாட்டிலுக்குக் கூட்டிப்போய் வைத்தியம் பார்த்தாள். அடா 1983 வரை இருந்தாள், 85 வயசு.

சித்ரா அத்தை: கூலியை ஒழுங்காகக் கொடுத்தார்களா?

திவ்யா: சம்பளமும், பிடித்த நரித்தோலுக்குச் சில நூறு டாலரும். அவள் கதையை வைத்துப் புத்தகம், கட்டுரை என்று மற்றவர்கள் சம்பாதித்ததில் அவளுக்கு ஒன்றும் வரவில்லை.

சித்ரா அத்தை: தெரியும். தைக்கிறவளுக்குக் கடைசியில்தான் காசு. முரளி, போன மாசம் மூன்று பேண்ட் கீழ்மடிப்பு அடித்துக் கொடுத்தேனே?

முரளி: அத்தை, குழுவிலேயா 🙈

முரளி: ஜிபே போட்டாச்சு.

சித்ரா அத்தை: 150 வந்தது. ஒன்றில் ஜிப்பும் மாற்றினேன், இன்னும் 60.