பதில்: 73939133க்கு ஒரு பெயர் – 'கவ்வாத்து முதன்மை'

அனைவருக்கும் வணக்கம்.

கடைசி இலக்கங்களை ஒவ்வொன்றாக நீக்கினாலும் முதன்மையாகவே நிற்கும் 73939133 போன்ற எண்களுக்குத் தமிழில் என்ன கலைச்சொல் வைக்கலாம் என்ற நம் குழுவின் கேள்விக்கு இது என் பதில். பெயருக்கு முன் எண்ணைப் பார்ப்போம். 73939133 ஒரு முதன்மை எண் (தமிழ்நாட்டு நண்பர்களுக்குப் பகா எண்). கடைசி இலக்கத்தை எடுத்தால் 7393913, அதுவும் முதன்மை. தொடர்ந்து 739391, 73939, 7393, 739, 73, 7. எங்கே நிறுத்தினாலும் முதன்மைதான். நாம் எழுதும் பத்தின் அடியில் இத்தகைய எண்கள் மொத்தம் 83. அவற்றில் மிகப் பெரியது இதுவே.

இதை ஏன் மேலும் நீட்ட முடியாது? பின்னால் சேர்க்கத் தகுந்தவை 1, 3, 7, 9 மட்டுமே. இலக்கங்களின் கூட்டுத்தொகையை 3ஆல் வகுத்துப் பாருங்கள்: 3, 9 சேர்த்தால் மீதி மாறாது, 1 அல்லது 7 சேர்த்தால் மீதி ஒன்று கூடும். 7இல் தொடங்கும்போதே மீதி 1. ஆகவே பின்னால் ஒரேயொரு 1க்கோ 7க்கோதான் இடம். இரண்டாவது வந்தால் 3ஆல் வகுபட்டுவிடும். நம் எண் அந்த ஒரே வாய்ப்பை ஆறாவது இலக்கத்தில் செலவழித்துவிட்டது. மிஞ்சுவது 739391333, 739391339. இரண்டும் 3ஆல் வகுபடாவிட்டாலும் சேர்த்தி எண்களே (பகு எண்கள்). 2இல் தொடங்கும் 29399999இல் 1, 7 அறவே இல்லாததற்கும், 3இல் தொடங்கும் 37337999 இரண்டு 7களைத் தாங்குவதற்கும் இதே கணக்குத்தான் காரணம். தரம் 9 பிள்ளைகளே செய்து பார்க்கலாம். இதைவிட அழகான பயிற்சி எனக்குத் தெரியவில்லை.

இனிப் பெயர். 'வெட்டு முதன்மை' வேண்டாம். இடைவெட்டு, வெட்டுத்துண்டு என்று கணிதத்தில் அந்தச் சொல்லுக்கு ஏற்கெனவே வேலை அதிகம். பண்டாரவளைத் தங்கச்சி தந்த 'தறி முதன்மை' ஓசையில் நன்று, ஆனால் தறித்த மரம் விழுந்துவிடும். இங்கே வெட்டிய பிறகும் எண் முதன்மையாகவே நிற்கிறது. பெயர் சொல்லவேண்டியது அதைத்தான். நம் இலங்கை மலையகத்தின் தேயிலைத் தோட்டங்களில் அதற்குச் சொல் இருக்கிறது: கவ்வாத்து. சில ஆண்டுகளுக்கு ஒருமுறை, கொழுந்தெடுத்த தேயிலையைக் கத்தியால் சரிவாகச் சீவி, கட்டையாக நிறுத்துகிறார்கள். அந்தக் கட்டையும் தேயிலைதான், மறுபடி துளிர்க்கும்.

தோட்டப் பேச்சு பாடநூலுக்கு ஒவ்வாது என்று பதுளை ஐயா எழுதியிருந்தார். மன்னிக்கவேண்டும் ஐயா, இதை ஏற்க முடியவில்லை. ஹற்றனிலும் தலவாக்கலையிலும் தலைமுறை தலைமுறையாகப் புழங்கிவரும் தொழிற்சொல் இது. தமிழ்நாட்டு வேளாண்மை நூல்களிலும் 'கவாத்து' என்று உண்டு. பொருள் விளக்காமலே பிள்ளைக்குப் புரிகிற கலைச்சொல் நமக்கு எத்தனை கிடைத்திருக்கிறது?

திசையை முன்னொட்டாக வைக்கலாம். 73939133 வலக் கவ்வாத்து முதன்மை. முன்பக்கமிருந்து ஒவ்வொன்றாக நீக்கினாலும் முதன்மையாகவே நிற்பது இடக் கவ்வாத்து முதன்மை. அதில் பூச்சியம் கூடாது என்ற நிபந்தனை உண்டு. அவ்வகையில் மிகப் பெரியது 24 இலக்கம் கொண்ட 357686312646216567629137. எந்தப் பக்கமிருந்து சீவினாலும் நிற்கும் 739397க்கு 'இருபுறக் கவ்வாத்து முதன்மை' என்றால் கொஞ்சம் நீளம். 'இரு கவ்வாத்து' என்றால் இரண்டு முறை வெட்டியதாகப் பொருள்பட்டுவிடும். இதற்கு மட்டும் சுருக்கமான சொல் தோன்றினால் எழுதுங்கள். மற்ற இரண்டையும் நம் கலைச்சொற் பட்டியலில் சேர்க்கலாம் என்பது என் வாக்கு.

அன்புடன்,
ஹற்றனிலிருந்து ஒரு கணித ஆசிரியர்