புது ஆட்டோமேட்டிக் வாட்ச்: கண்ணாடிக்குள் இழை, பெசல் கோணல். திறக்க விடலாமா?

வெண்முள்:
போன வாரம் அங்கீகாரம் பெற்ற ஷோரூமில் வாங்கிய ஸ்விஸ் டைவர் வாட்ச், க்ரோனோமீட்டர் (துல்லியமாக ஓடுவதற்கான) சான்று உள்ளது. மூன்று குறைகள். ஒன்று, டயலில் 4 மணிக்கும் 5 மணிக்கும் நடுவே அரை மி.மீ. நீளத்தில் வெள்ளை இழை. இரண்டு, பெசலில் (கண்ணாடியைச் சுற்றியுள்ள சுழலும் வளையம்) உள்ள முக்கோணம் 12 மணிக் குறிக்கு நேராக நிற்காமல் ஒரு மயிரிழை வலப்பக்கம் போகிறது. மூன்று, நாளைக்கு 8, 9 நொடி முந்துகிறது. "கொண்டு வாங்க, திறந்து ஊதித் தர்றோம், ஒரு மணி நேர வேலை" என்கிறார்கள். சம்மதிக்கலாமா?

பல்சக்கரம்:
ஷோரூம் மேசையில் திறக்க விடாதீர்கள். முதலில் இழை எங்கே இருக்கிறது என்று பாருங்கள். 10 மடங்கு லூப் (உருப்பெருக்கிக் கண்ணாடி), பக்கவாட்டில் டார்ச். வாட்சை மெல்லச் சாய்க்கும்போது மணிக்குறியை விட்டு இழை நகர்வதுபோல் தெரிந்தால் கண்ணாடியின் உட்புறத்தில் ஒட்டியிருக்கிறது. நகராமல், நிழலும் அதன் காலடியிலேயே விழுந்தால் டயலில். பிறகு இரவு முழுக்க டயல் கீழே பார்க்கும்படி வைத்துவிட்டுக் காலையில் பாருங்கள். இடம் மாறவில்லை என்றால் ஒட்டிக்கொண்ட இழை, வெறும் அழகுக் குறை. இடம் மாறியிருந்தால் விடக்கூடாது: முட்கள் பொருந்தும் நடுத்துளை வழியாகவோ தேதி ஜன்னல் இடுக்கு வழியாகவோ உள்ளே இறங்கலாம்.

முறையாக எடுப்பது ஊதுகிற வேலையே இல்லை. பின்மூடியைத் திறந்து, கிரௌன் (சாவி கொடுக்கும் திருகு) தண்டை உருவி, மெஷினை டயலோடு வெளியே எடுத்து, ரப்பர் குமிழால் காற்றடித்து, மிச்சத்தை ரோடிகோ எனும் பிசைமாவு போன்ற களியால் ஒற்றி எடுக்க வேண்டும். வாயால் ஊதினால் எச்சில் ஈரம் டயலில் கறையாக நிற்கும். மூடும்போது தண்ணீர் புகாமல் தடுக்கும் வளையமான கேஸ்கெட்டைப் பார்த்து, தேவைப்பட்டால் மாற்றி, சிலிகான் கிரீஸ் தடவி, அழுத்தச் சோதனை செய்ய வேண்டும். இந்த வாட்சுக்குச் சோதனைச் சீட்டு தருவீர்களா என்று ஒரு கேள்வி கேளுங்கள். தயங்கினால் கம்பெனியின் சர்வீஸ் சென்டருக்கு அனுப்பச் சொல்லுங்கள். அங்கீகாரம் இல்லாத கை திறந்தால் வாரண்டிக்கும் ஆபத்து.

கால்நொடி:
பெசலுக்குக் கணக்கு சுலபம். 120 கிளிக் என்றால் ஒரு கிளிக் 3 டிகிரி, அதாவது அரை நிமிடம். உங்கள் 'மயிரிழை' கால் கிளிக்குக்கும் குறைவாகத்தான் இருக்கும். அந்த அளவைச் சர்வீஸில் பெரும்பாலும் 'டாலரன்ஸ்' என்று திருப்பிவிடுவார்கள். அரை கிளிக் இருந்தால் வாதாடலாம். பார்க்கும் முறை முக்கியம்: ஒரு கண்ணை மூடி நேர்மேலிருந்து பாருங்கள், பெசல் டயலைவிட உயரம் என்பதால் சாய்ந்து பார்த்தாலே கோணலாகத் தெரியும். முழுச்சுற்று சுற்றி 12-க்கு வந்ததும் விரலால் லேசாகப் பின்னோக்கித் தள்ளிப் பாருங்கள். அந்த ஆட்டத்திலேயே நேராகிவிட்டால் குறையே இல்லை. டயலே திரும்பியிருக்கிறதா என்பதையும் பாருங்கள். 12, 6 குறிகள் ஸ்ட்ராப் மாட்டும் கால்களுக்கு நடுவில் வராவிட்டால் அது பெசல் பிரச்சினை அல்ல, அதற்குக் கட்டாயம் புகார் கொடுக்க வேண்டும்.

தொங்கல்சுருள்:
முந்துவதைப் பற்றி. க்ரோனோமீட்டர் சான்று தரும் ஸ்விஸ் சோதனை அமைப்பான COSC-யின் சராசரி வரம்பு நாளைக்கு -4 முதல் +6 நொடி. ஆனால் அது கேஸில் (வெளிக்கூட்டில்) பொருத்துவதற்கு முன் மெஷினை மட்டும் 15 நாள், 5 நிலைகளில், 3 வெப்பநிலைகளில் சோதித்த கணக்கு. கையில் +9 வந்தால் சான்று பொய் என்று ஆகாது, ஆனால் கேட்க உரிமை உண்டு.

முதல் சந்தேகம் காந்தம். போன் கவர், டேப்லெட் மூடி, ஸ்பீக்கர், கைப்பைக் கொக்கி எல்லாமே காரணமாகலாம். வேகத்தைக் கட்டுப்படுத்தும் மெல்லிய சுருளான ஹேர்ஸ்பிரிங்கின் வளையங்கள் ஒன்றோடொன்று ஒட்டினால் வாட்ச் வேகமாக ஓடும். காந்தம் பிடிக்காத சிலிக்கன் ஹேர்ஸ்பிரிங் என்றால் இந்தச் சந்தேகம் பெரும்பாலும் வேண்டாம். காந்தம் நீக்கும் கருவியில் பட்டனை அழுத்தியபடியே வாட்சை மெதுவாக ஒரு கை நீளம் விலக்கி, அப்புறம்தான் விட வேண்டும். பக்கத்திலிருக்கும்போதே விட்டால் காந்தம் ஏறிவிடும்.

அதற்கும் அடங்காவிட்டால், முழுச் சாவி கொடுத்து டைம்கிராஃபரில் (டிக் டிக் ஓசையைக் கேட்டு ஓட்டத்தை அளக்கும் கருவி) வையுங்கள். லிஃப்ட் ஆங்கிள் (மெஷினுக்கேற்பக் கருவியில் உள்ளிடும் கோணம்) தப்பாக இருந்தால் ஆம்ப்ளிட்யூட் (பேலன்ஸ் சக்கரம் ஊசலாடும் அளவு) மட்டும்தான் தவறும், நொடிக்கணக்கு மாறாது. டயல் மேல் நிலையில் ஆம்ப்ளிட்யூட் 270 முதல் 310 டிகிரி, பீட் எரர் (இரு பக்க ஊசலுக்கிடையே உள்ள நேர வித்தியாசம்) 0.8 மில்லிசெகண்டுக்குள் என்றால் மெஷின் ஆரோக்கியம், ரெகுலேட் செய்தால் (வேகத்தைச் சரிப்படுத்தினால்) போதும். அதற்கும் மூடியைத் திறக்கத்தான் வேண்டும். ஆகவே இழையையும் இதையும் ஒரே ஜாப் கார்டில் எழுதுங்கள், ஒருமுறை திறந்தால் போதும்.

பல்சக்கரம்:
இது சரி, ஆனால் சர்வீஸுக்கு முன் மாற்று வாட்ச் கேளுங்கள். புதுப் பொருளைத் திறந்து மூடி வாங்குவதைவிட அதுவே மேல். இழை வெறுங்கண்ணுக்கு 30 செ.மீ. தூரத்தில் தெரிகிறதா? தெரிந்தால் உங்கள் பக்கம் பலம். லூப்பில் மட்டும் தெரிந்தால் விட்டுவிடுங்கள், லூப்பில் தேடினால் எந்த வாட்சிலும் ஏதாவது கிடைக்கும். படம், பில், வாரண்டி கார்டு தேதியோடு இன்றே மின்னஞ்சல் அனுப்புங்கள், வாய்ப்பேச்சு நிற்காது. மறுத்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915.

வெண்முள்:
நன்றி. இழை வெறுங்கண்ணுக்கே தெரிகிறது. ஆனால் செயினில் இரண்டு லிங்க் எடுத்தாச்சே, மாற்றிக் கொடுப்பார்களா?

கால்நொடி:
எடுத்த லிங்க், திருகு இரண்டும் கையில் இருந்தால் பொதுவாகத் தடையில்லை. கொக்கியில் கீறல் விழுந்திருந்தால்தான் 'உபயோகித்தது' என்பார்கள். இனி கட்டாதீர்கள். மாற்று வாட்ச் வந்தால் பில்லில் கையெழுத்துப் போடுமுன் அதையும் சாய்த்துப் பாருங்கள், பெசலையும் ஒரு சுற்று சுற்றிவிடுங்கள்.