ஸ்டெம் செல் சிகிச்சைக்குப் போய் வந்தவர்கள் இருக்கிறீர்களா? எங்கள் வீட்டுக் கதை இது

முரசுமோட்டைத் தம்பி:

அண்ணைக்கு முதுகில் செல் துண்டு பட்டது 2009 மார்ச்சில், இறுதிப் போர் நடந்த புதுமாத்தளனில். செஞ்சிலுவைக் கப்பலில் ஏற்றிப் புல்மோட்டைக்குக் கொண்டுபோனார்கள். உயிர் மிஞ்சியது. தொப்புளுக்குக் கீழே உணர்வில்லை. அப்போது அவருக்கு 24 வயது.

எங்கள் பக்கம் செல் என்றால் ஒரே பொருள்தான், எறிகணை. அதனால் 2016இல் வெளிநாட்டிலிருந்து மாமா எடுத்து 'ஸ்டெம் செல்' என்று சொன்னதும் அம்மா திடுக்கிட்டுப் போனார். மாமா ஆறுதலாக விளங்கப்படுத்தினார். இது உடம்பிலேயே இருக்கிற குருத்தணு, இடுப்பெலும்பின் மச்சையில் எடுத்து முதுகில் ஊசியாகப் போட்டால் அறுந்த நரம்பு முளைக்கும், இந்தியாவில் ஓர் இடத்தில் செய்கிறார்கள் என்றார். வீடியோவும் அனுப்பினார். அதில் ஒரு பெடியன் கம்பியைப் பிடித்துக்கொண்டு நடந்து வருகிறான். அம்மா அதை எத்தனை தரம் பார்த்தார் என்று கணக்கில்லை. ஒரு செல் கொண்டுபோன காலை இன்னொரு செல் கொண்டுவந்து தரும் என்று நம்பிவிட்டார்.

முரசுமோட்டையில் எங்களுக்கு இரணைமடுத் தண்ணீர் பாயும் வயல் ஒன்றரை ஏக்கர் இருந்தது. அதை விற்றோம். அக்காவின் தாலிக்கொடி அடகுக்குப் போனது. மூன்று ஊசி, 19 நாள், தங்கும் செலவு தனி.

திரும்பி வந்த பிறகு அம்மா தினமும் காலையில் விரலைத் தண்ணீரில் நனைத்து அண்ணையின் பெருவிரலில் வைப்பார். "தெரியுதோ அப்பன்?" என்று கேட்பார். அண்ணை கண்ணை மூடிக்கொண்டு, "கொஞ்சம் குளிருற மாதிரி இருக்கம்மா" என்பார். இரண்டு மாதம் இப்படியே போனது. ஒரு நாள் இரவு, அம்மா நித்திரையான பிறகு என்னிடம் சொன்னார்: "தம்பி, எனக்கு ஒண்டும் தெரியேல்லையடா. அம்மாவின்ர முகத்தைப் பார்க்க ஏலாமல் சொன்னனான்."

போய்வந்த பயணத்தில் குண்டியில் வந்த படுக்கைப்புண் ஆற ஏழு மாதம் எடுத்தது. அந்த இடத்தின் பெயரை இங்கே போட நான் விரும்பவில்லை. போனவர்கள், போக நினைப்பவர்கள் எழுதுங்கள். கேட்க யாரும் இல்லாததால்தான் நாங்கள் போனோம்.

மாங்குளம் பிசியோ:

தம்பி, வாசித்து முடித்துவிட்டுக் கொஞ்ச நேரம் ஒன்றும் எழுத முடியவில்லை. நான் 11 வருடமாக முள்ளந்தண்டு வடம் பாதிக்கப்பட்டவர்களோடு வேலை செய்கிறேன். உங்கள் அம்மாவைப் போல எத்தனையோ அம்மாக்களைத் தெரியும்.

ஒன்றை முதலில் சொல்லவேண்டும். எலும்பு மச்சையில் இருக்கும் ஸ்டெம் செல்லின் வேலை இரத்தம் உண்டாக்குவது. அதை முதுகில் ஏற்றினால் நரம்பாக மாறும் என்பதற்கு உறுதியான ஆதாரம் இல்லை. எந்த உறுப்பாகவும் மாறக்கூடியது கருவிலிருந்து எடுக்கும் செல். 1998இல் அமெரிக்காவின் விஸ்கொன்சினில் ஜேம்ஸ் தொம்சன் குழு அதை முதன்முதலில் பிரித்தெடுத்தது. பிறகு ஜப்பானில் யமனாக்கா சாதாரணத் தோல் செல்லையே அந்த நிலைக்குத் திருப்பிக் காட்டினார், 2012இல் நோபல் பரிசும் பெற்றார். இவை எல்லாவற்றையும் 'ஸ்டெம் செல்' என்ற ஒரே சொல்லால் அழைப்பதால்தான் எங்கள் சனம் ஏமாறுகிறது. செய்தியில் வருவது ஒன்று, ஊசியில் ஏற்றுவது இன்னொன்று.

2025 மார்ச்சில் ஜப்பானின் கெய்யோ பல்கலைக்கழகத்துச் செய்தி வந்தது. முள்ளந்தண்டு அடிபட்ட நான்கு பேருக்கு யமனாக்கா முறையில் உருவாக்கிய செல்களை வைத்தார்கள். இருவருக்கு முன்னேற்றம், அதில் ஒருவர் தாங்குதலில்லாமல் நிற்கிறார். அந்தக் கிழமை என் போன் ஓயவில்லை. "மிஸ், மருந்து வந்திட்டுதாமே?" எல்லோருக்கும் ஒரே பதில்தான் சொன்னேன். அந்த நான்கு பேருக்கும் அடிபட்டு இரண்டு தொடக்கம் நான்கு கிழமைக்குள் செல் வைத்தார்கள். பழைய காயத்தில் தழும்பு இறுகிவிடும், அது வேறு ஆராய்ச்சி. மற்ற இருவருக்குப் பெரிய மாற்றமும் இல்லை.

2009இல் காயப்பட்ட ஓர் அண்ணைக்கு இதை நேரில் சொன்னேன். வீல்செயாரின் சில்லைக் கையால் முன்னும் பின்னும் உருட்டிக்கொண்டிருந்தார். பிறகு கேட்டார்: "அப்ப இனி பனையால விழுற பெடியளுக்கு உதவும்தானே மிஸ்?" உதவக்கூடும் அண்ணை என்றேன். "அப்ப செய்யட்டும், கெதியாச் செய்யட்டும்" என்றார். 16 வருடமாக நடக்காத மனிதர் அப்படிச் சொன்னார். எனக்கு அன்று முழுக்க வேலை ஓடவில்லை.

ஒட்டுசுட்டான், இப்போது கலிபோர்னியா:

தம்பி மார்ச் 2009 என்று எழுதியதைப் பார்த்ததும் மனம் கனத்துப்போனது. அதே மாதம் 9ஆம் திகதிதான் கருவின் ஸ்டெம் செல் ஆராய்ச்சிக்கு அமெரிக்க மத்திய அரசுப் பணம் கொடுப்பதில் இருந்த தடையை ஒபாமா நீக்கினார். 2001 ஓகஸ்டில் புஷ் போட்ட கட்டுப்பாடு அது. சக்கர நாற்காலியில் இருந்துகொண்டே அதற்கு எதிராகப் போராடிய நடிகர் கிறிஸ்தோபர் ரீவ் 2004இலேயே இறந்துவிட்டார்.

அரசுப் பணம் ஏன் வேண்டும் என்று என் மகன் கேட்டான். அவனுக்குச் சொன்னதையே இங்கேயும் சொல்கிறேன். 2010 ஒக்ரோபரில் ஜெரோன் என்ற கம்பனி, புதிதாக முள்ளந்தண்டு அடிபட்ட ஒருவருக்கு உலகிலேயே முதல்முறையாக இந்தக் கருச் செல்லிலிருந்து உருவாக்கிய செல்களை ஏற்றியது. அடுத்த ஆண்டு நவம்பரிலேயே பணத்தைக் காரணம் காட்டி நிறுத்திவிட்டது. காத்திருந்த நோயாளிகள் நடுவழியில் நின்றார்கள். பிறகு அதே செல்லை இன்னொரு கம்பனி கலிபோர்னியா மாநில நிதியோடு மீண்டும் சோதித்தது. கழுத்தில் அடிபட்ட சிலருக்குக் கையில் அசைவு கூடியது, அவ்வளவுதான், நடக்கவில்லை. அந்த மாநில நிதி மக்கள் வாக்குப்போட்டுக் கொடுத்தது. 2004இல் 300 கோடி டொலர், 2020இல் இன்னும் 550 கோடி. 2020 வாக்குச் சீட்டில் அந்தக் கேள்விக்கு 'ஆம்' என்று குறித்தபோது என் நினைவில் இருந்தவர் ஒட்டுசுட்டானில் படுக்கையிலேயே போன என் சித்தப்பா.

நெடுங்கேணி அம்மா:

எங்கள் பேத்திக்குத் தலசீமியா என்ற இரத்த நோய். மாதம்தோறும் இரத்தம் ஏற்றினோம். தமிழ்நாட்டில் அவளுடைய அக்காவின் மச்சையை எடுத்து ஏற்றினார்கள், இப்போது ஐந்து வருடமாக இரத்தம் ஏற்றவில்லை. அதுவும் ஸ்டெம் செல்தான் பிள்ளைகள். ஆனால் போவதற்கு முன்னர் இங்கே இரத்த நோய் டொக்டர் கடிதம் தந்து அனுப்பினார், இருவருக்கும் பொருத்தம் பார்க்க எவ்வளவோ சோதனை, உயிர் ஆபத்தும் உண்டு என்று ஒளிக்காமல் சொல்லித்தான் கையெழுத்து வாங்கினார்கள். வீடியோ பார்த்துப் போகவில்லை.

முரசுமோட்டைத் தம்பி:

எல்லோருக்கும் நன்றி. நெடுங்கேணி அம்மாவின் பதிலை அண்ணைக்கு வாசித்துக் காட்டினேன், பேத்தியின் வயது என்ன என்று கேட்டார்.

ராகமைக்குக் கிளினிக் போனபோது ஒரு டொக்டர் எங்களுக்குச் சொன்னது இது. ஆராய்ச்சி என்றால் நோயாளியிடம் காசு வாங்கமாட்டார்கள், காசு வாங்கினால் அது ஆராய்ச்சியில்லை. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் 2017 வழிகாட்டியில் அதையேதான் எழுதியிருக்கிறது. இரத்த நோய்களுக்கு மச்சை மாற்றுவது போன்றவை தவிர, மற்றதெல்லாம் அனுமதி பெற்ற பரிசோதனையாக மட்டும் நடக்கவேண்டும், அதற்குக் கட்டணம் கூடாது. டொக்டர் சொன்ன அந்த ஒரு வரி எங்களுக்கு 2016இல் தெரிந்திருந்தால் வயல் எங்களிடமே இருந்திருக்கும்.

அண்ணை இப்போது வீட்டு முன்பக்கம் போன் திருத்துகிறார். பின்னேரம் ஐந்து மணிக்குக் கடையை மூடிவிட்டு, கைக்கண்ணாடியைப் பின்னால் பிடித்துப் புண் ஏதும் வருகிறதா என்று தானே பார்ப்பார். ஜப்பான் செய்தியை வெட்டி மேசைக் கண்ணாடிக்குக் கீழே வைத்திருக்கிறார். நான் எடுக்கச் சொல்லவில்லை.

இதை எழுதக் காரணமே போன கிழமை வந்த ஒரு அழைப்புத்தான். பரந்தனில் ஒரு குடும்பம், மகன் மோட்டார் சைக்கிளில் விழுந்து ஒன்றரை வருடம். அதே மாதிரி வீடியோ, அதே மாதிரி ஊசி. முற்பணம் இன்னும் கட்டவில்லை, காணிக்கு ஆள் பார்க்கிறார்கள். வியாழக்கிழமை அண்ணையையும் ஓட்டோவில் ஏற்றிக்கொண்டு போகிறேன். அந்தப் பெடியனின் அம்மாவோடு தானே கதைக்கிறேன் என்று அண்ணை சொல்லியிருக்கிறார்.